3 வருட வாட்ஸ்அப் குழுவிலிருந்து உருப்படியானதை எடுத்து வைப்பது எப்படி?

ஏற்காட்டில் சிறு காப்பி விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பில் களப்பணியாளராக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 14 பேர் உள்ள வாட்ஸ்அப் குழு, 3 வருடமாக ஓடுகிறது. சுற்றறிக்கை, வீடியோ லிங்க், மருந்து அளவு, நாற்றுப்பண்ணை நம்பர், நோய் விழுந்த இலைப் படம் எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. "உருப்படியானதை எல்லாம் எடுத்து ஒரே டாக்குமென்ட்டாப் போடுங்க" என்று மேலாளர் உங்களிடம் ஒப்படைத்துவிட்டார். எப்படித் தேடுவது, எதில் சேர்த்து வைப்பது, தானாகவே செய்து தரும் மென்பொருள் உண்டா என்று 3 கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி: புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டதையே கேட்கிறார்கள், பதில் குழுவிலேயே இருக்கிறது, யாராலும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அதைத் தீர்ப்பதுதான் வேலை என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் 26 வருடம் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு இந்த மாவட்டத்திலேயே 3 குழுக்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன்: ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் மெக்கானிக்குகள், ஒரு தறிக்காரர் சங்கம், மலை மேல் ஒரு சுகாதாரப் பணியாளர் குழு. தேடி எடுப்பது, வகைப்படுத்துவது, எழுதி வைப்பது பற்றி உறுதியாகப் பேச முடியும். பயிர் என் துறை இல்லை. கீழே உதாரணத்துக்கு ஒரு மருந்து அளவு வரும். தோட்டத்தில் அடிக்கும் முன் காபி வாரிய அலுவலரிடமோ ஏற்காட்டுத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. லிங்க்குகளைத் திரட்ட உட்காராதீர்கள். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். குழுவின் தகவல் பக்கத்தைத் திறந்தால் படம், லிங்க், ஆவணம் என்று பிரித்தே காட்டுகிறது. அப்படியே அள்ளி ஓர் எக்ஸெல்லில் ஒட்டினால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். தறிக்காரர் குழுவுக்கு நான் முதலில் அப்படித்தான் செய்தேன். 400 சொச்சம் லிங்க் சேர்ந்தது. 2 மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அதை ஒருவரும் திறந்திருக்கவில்லை. பழையபடி குழுவில்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு லிங்க்கைப் பார்த்து அது எந்தக் கேள்விக்கு விடை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே கேள்விகளைத் திரட்டுங்கள். யார் எதற்காகக் கேட்டார், யார் என்ன சொன்னார், சொன்னது வேலைக்கு ஆனதா, இவை ஒன்றாகச் சேர்ந்தால்தான் அதைப் பத்திரப்படுத்துவதில் பொருள் இருக்கிறது.

உங்கள் மலையிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து செடிக்கு அடிக்கும் பூஞ்சண மருந்து. உங்களுடையது மாதிரி ஒரு குழுவில் தேடினால் இப்படி 2 செய்தி அகப்படும். "மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணி 100 லிட்டர்ங்க" என்று ஒன்று. வேறொரு மாதத்தில், "துத்தம் 1, சுண்ணாம்பு 1, 200 லிட்டர் ஊத்துங்ணா" என்று இன்னொன்று. இரண்டையும் 'மருந்து' என்ற தலைப்பின் கீழ் அப்படியே போட்டால், படிப்பவர் ஏதோ ஒன்று தப்பு என்று நினைப்பார், அல்லது கண்ணில் முதலில் பட்டதைக் கலக்குவார். உண்மையில் இரண்டும் சரி. முதலாவது 1 சதவீதக் கலவை, மிளகுக்கொடியின் வாடல் நோய்க்குச் சொல்லப்படுவது. இரண்டாவது அரை சதவீதம், காப்பியின் இலைத்துரு நோய்க்கு. காப்பிக்கு நடுவே சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறி நிற்கிற தோட்டத்தில், எந்தச் செடிக்கு என்று சொல்லாத அளவை நம்பி எதுவும் செய்ய முடியாது. அந்தச் செய்தியிலிருந்து விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனால் நாலைந்து செய்திக்கு முன்னால் "அண்ணா, கொடி வாடுது, என்ன பண்றதுங்க?" என்று ஒரு வரி இருக்கும். பதிவின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. கீழேயும் தள்ளிப் பார்க்க வேண்டும். "பளபளன்னு இருக்கற கத்தியக் கலவைல முக்கி எடுங்க, செம்பு நிறம் ஏறுனா சுண்ணாம்பு பத்தலன்னு அர்த்தம்" என்று வேறொருவர் மறுநாள் காலையில் போட்டிருப்பார். வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு ஆள் போட்ட செய்திகள், ஆனால் சேர்த்தால் ஒரே பதிவு. லிங்க் பட்டியலில் இது ஒருநாளும் வராது, ஏனென்றால் இதில் லிங்க்கே கிடையாது.

இனி தேடும் முறை. குழு உரையாடலை ஏற்றுமதி செய்து கணினிக்குக் கொண்டுவாருங்கள். மீடியா வேண்டாம் என்று கொடுத்தால் வெறும் எழுத்துக் கோப்பாக வரும். போனைவிட அதில் தேடுவது எளிது. இதற்கு உச்சவரம்பு உண்டு. மீடியாவோடு எடுத்தால் கடைசி 10,000 செய்தி, மீடியா இல்லாமல் 40,000 என்பது வாட்ஸ்அப் சொல்லியிருக்கும் கணக்கு. அந்தக் கோப்பில் நான் முதலில் தேடும் சொல் 'நன்றி'. அதோடு 'நன்றிங்ணா', 'தேங்க்ஸ்', 'கிடைச்சிருச்சு', 'சரியாயிருச்சு', கும்பிடும் கைப் படம். ஒருவர் நன்றி சொல்லியிருந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே வேலைக்கு ஆன பதில் ஒன்று இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துக்குச் சொன்ன நன்றியும் கூடவே வரும். ஒரே பார்வையில் தள்ளிவிடலாம். அடுத்தது கேட்பவர்களின் சொற்கள்: 'யாராவது', 'யார்கிட்ட', 'எவ்வளவு', 'எங்க கிடைக்கும்', 'நம்பர் இருக்கா', 'மறுபடி அனுப்புங்க'. இந்தக் கடைசிச் சொல்லைத் தனியாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு பொருளை மறுபடி கேட்டிருந்தால், அதைப் பதிய வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஜவ்வரிசி ஆலைக் குழுவில் ஒரே மோட்டாரின் வயரிங் படத்தை 2 வருடத்தில் 11 தடவை கேட்டு வாங்கியிருந்தார்கள். நான் எழுதிய முதல் பதிவு அதுதான், இன்றும் அங்கே அதிகம் திறக்கப்படுவதும் அதுதான்.

தமிழில் தேடுவதற்கென்று சில தொல்லைகள் உண்டு. காபி, காப்பி, ஆங்கில எழுத்தில் தட்டிய காப்பி என்று ஒரே சொல் நாலைந்து உருவத்தில் கிடக்கும். வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லே மாறிவிடும்: 'மரம்' என்று கொடுத்தால் 'மரத்துக்கு' அகப்படாது, 'மர' என்று கொடுத்தால் மருந்தெல்லாம் சேர்ந்து வந்துவிடும், 'மரத்' என்று தனியாக ஒரு முறை தேட வேண்டும். பிறகு, சுற்றறிக்கையின் மொழி வேறு, தோட்டத்தின் மொழி வேறு. காப்பித் தண்டைத் துளைக்கும் வண்டு காகிதத்தில் 'வெள்ளைத் தண்டுத் துளைப்பான்' என்று இருக்கும். தோட்டத்தில் அதற்குப் பெயர் 'போரர்'. இலைத்துருவை ஒருவர் 'துரு' என்பார், இன்னொருவர் 'மஞ்சப் பொடி விழுந்துருச்சு' என்று எழுதுவார். உங்கள் குழுவில் உள்ள மலைக் கிராமத்து ஆட்கள், நாகலூரோ செம்மநத்தமோ, என்ன சொல்லால் சொல்கிறார்கள் என்று தேடலைத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நூலகத்தில் நாங்கள் அட்டைப் பெட்டியில் 'காண்க' என்று ஓர் அட்டை வைப்போம். வாசகர் எந்தச் சொல்லைத் தேடி வந்தாலும் அது சரியான அட்டைக்குக் கை காட்டும். உங்கள் பதிவிலும் 'போரர், காண்க: வெள்ளைத் தண்டுத் துளைப்பான்' என்று ஒரு வரி போட்டால் போதும், தேடுபவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். பழைய பிடிஎஃப்களில் இன்னொரு சிக்கல்: யூனிகோடு இல்லாத எழுத்துருவில் செய்தவை பல. நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக விழும். அப்படிப்பட்ட கோப்புக்குத் தலைப்பையும் 2 வரிச் சுருக்கத்தையும் நீங்களே தட்டிவிடுங்கள், முழுதையும் தட்ட வேண்டாம்.

குரல் செய்தியும் படமும் எழுத்துத் தேடலுக்குள் வராது. மலையில் கையுறையோடு நிற்பவர் தட்டச்சு செய்ய மாட்டார், பேசி அனுப்புவார். ஆகவே உங்கள் குழுவின் நல்ல பதில்களில் கணிசமானவை குரலில்தான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்க நேரம் இராது. நான் செய்வது இதுதான்: எழுத்தில் வந்த ஒரு கேள்விக்குப் பின்னாலேயே குரல் செய்தி இருந்தால் மட்டும் கேட்கிறேன், ஒன்றரை மடங்கு வேகத்தில். எழுதும்போது பேசியவரின் சொல்லை மாற்றுவதில்லை. படத்துக்கு, அதில் என்ன தெரிகிறது என்று ஒரு வரி: "இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி, ஜூலை, வாழவந்தி." கோப்பின் பெயரை வாட்ஸ்அப் கொடுத்த எண்ணோடு விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரியையே கோப்பின் பெயராகவும் வைத்துவிடலாம்.

ஒரு பதிவில் என்ன இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்டவரின் வாயிலிருந்து வந்தபடி கேள்வி, 2 அல்லது 3 வரியில் விடை, அசல் எங்கே இருக்கிறது, யார் சொன்னது, எந்தத் தேதியில், கடைசியாக யார் எப்போது சரிபார்த்தது. 6 கட்டம் போதும். 2 வரி விடையை எழுத மனம் வராமல் லிங்க்கை மட்டும் போட்டுவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. 20 நிமிட வீடியோவில் தேவையான இடம் 14-ஆவது நிமிடத்தில் இருந்தால், அதை எழுதுங்கள். சீர்காழியில் பிறந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத் துறைக்கு 5 விதிகள் வகுத்தார். அதில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. எந்தக் கட்டத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று குழம்பும்போதெல்லாம் அந்த விதியை வைத்தே முடிவு செய்திருக்கிறேன். 'சரிபார்த்த தேதி' என்ற கட்டம் எங்கள் நூலகத்தில் இருந்ததில்லை. சுகாதாரக் குழுவில் ஒரு பழைய போன் நம்பரை நம்பி ஒரு குடும்பம் இரவில் அலைந்த பிறகு சேர்த்தது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எதில் போட்டு வைப்பது என்பதைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு நான் கவலைப்படுவதில்லை. 14 பேருக்கு ஒரு கூகுள் ஷீட்டும், அதோடு சேர்ந்த டிரைவ் ஃபோல்டரும் தாராளம். வாட்ஸ்அப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார், அது வேண்டாம். நட்சத்திரம் போட்டது உங்களுக்கு மட்டும் தெரியும். செய்தியைக் குழுவின் மேலே 'பின்' (pin) செய்து வைத்தால் அதிகபட்சம் 30 நாள். இறக்கப்படாத மீடியாவை அவர்கள் சர்வரில் வைத்திருப்பதும் 30 நாள் வரைதான். ஆலைக் குழுவில் முக்கியமான படங்கள் ஒரே ஒரு போர்மேனின் போனில் மட்டும் இருந்தன. அந்தப் போன் மாவுத் தொட்டியில் விழுந்த அன்று அத்தனையும் போயிற்று, மற்றவர்கள் போனில் மங்கலான சிறு படம் மட்டும் நின்றது. அலுவலகக் குழுக்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலியின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தையது தெரியாது. டெலிகிராமில் பழையது நிற்கும், ஆனால் அங்கேயும் குவியல் குவியல்தான். வெளியில் உள்ள பக்கங்களும் நிலையில்லை. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் 10 வருடத்தில் எட்டாமல் போயிருந்ததை அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்டது. ஆகவே முக்கியமான பக்கம் என்றால் பிடிஎஃப்பாக ஒரு நகல் எடுத்து ஃபோல்டரில் போடுங்கள், இணையப் பக்கங்களுக்கு நகல் எடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகாது.

தானாகச் செய்யும் மென்பொருள் பற்றிக் கேட்டீர்கள். இங்கே நான் உறுதியாகச் சொல்வதும் சந்தேகத்தோடு சொல்வதும் கலந்திருக்கும். ஏஐ கருவியிடம் ஏற்றுமதிக் கோப்பைக் கொடுத்தால் எந்தெந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வந்தது என்று தொகுத்துத் தருகிறது. அதுவரை பயனுள்ளது, ஒரு வார வேலையை ஒரு நாளாகக் குறைத்தது. விடையைச் சுருக்கித் தரச் சொன்னபோது நிலைமை வேறு. மேலே சொன்ன போர்டோ மாதிரி 2 செய்தியைச் சேர்த்து, செடியின் பெயரை விட்டுவிட்டு, ஒரே அளவாக எழுதித் தந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேச்சுத் தமிழும் ஆங்கில எழுத்தும் கலந்த வரிகளில் இன்னும் அதிகம் வழுக்குகிறது. கருவிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன, நீங்கள் படிக்கும்போது இது தேறியிருக்கக்கூடும். எப்படியிருந்தாலும் எண், அலகு, செடியின் பெயர், போன் நம்பர் நாலையும் அசல் செய்தியோடு ஒரு மனிதர் ஒப்பிட்டுப் பார்க்காமல் பதிவுக்குள் விடாதீர்கள். கோப்பை வெளியே ஒரு கருவிக்குக் கொடுப்பதற்கு முன் குழுவில் ஒரு வார்த்தை கேட்பதும் முறை. அவர்கள் பேசியது அது.

அதைத் தொட்டே இன்னொன்று. 3 வருடக் குழுவில் கூலியாட்களின் வங்கிப் பாஸ்புக் படம், ஆதார் படம், யாருடைய வீட்டுக் கஷ்டமோ எல்லாம் இருக்கும். அவற்றைப் பதிவுக்கு எடுக்கவே கூடாது. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன் நுணுக்கங்களை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். சட்டத்தை விடுங்கள், ஒரு பெண் தன் பாஸ்புக் படத்தை 14 பேரை நம்பி அனுப்பினார், ஷீட் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அழிக்கும் வசதிக்குக் காலக்கெடு முடிந்திருக்கும், ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் போனில் அழித்துவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி, பதிவில் பெயர் போடுவதற்கு முன் சொன்னவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். தன் பெயரில் ஒரு பதிவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதே ஆள் இன்னும் கவனமாகப் பதில் எழுதுவதையும் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு தூரம் பின்னால் போவது? 3 வருடத்தையும் தோண்ட வேண்டாம் என்பது என் கருத்து. இதில் வேறு கருத்து உள்ளவர்களும் இருப்பார்கள். காப்பிக்கு ஒரு சுற்று என்று இருக்கிறது. மார்ச் ஏப்ரலில் பூ மழை, மழைக்கு முன்னும் பின்னும் மருந்து, கார்த்திகை தொடங்கி அறுவடை. கேள்விகளும் அதே சுற்றில் வரும். முடிந்த ஒரு சுற்றை மட்டும் முழுதாக எடுங்கள், அதற்கு முந்தையதில் 'மறுபடி அனுப்புங்க' என்று அகப்படுவதை மட்டும் சேருங்கள். ஒரு மாதச் செய்திக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், உங்களுக்குக் குழு பழக்கம் என்பதால் குறைவாக ஆகலாம். பதிவுகளை மாதவாரியாக வைத்தால் சரிபார்ப்பதும் அதோடு நடந்துவிடும்: போரர் வண்டு பறப்பது ஏப்ரல் மே, அக்டோபர் முதல் டிசம்பர் என்றால், அதைப் பற்றிய பதிவை மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

தொடர்ந்து நடப்பதற்கு ஒரே ஒரு வழக்கம் போதுமென்று அனுபவத்தில் கண்டேன். குழுவில் யாராவது பழைய கேள்வியைக் கேட்டால், விடையைத் திரும்பத் தட்டாதீர்கள். பதிவின் எண்ணை மட்டும் போடுங்கள். "23-ஆம் நம்பர் பாருங்க." பதிவு இல்லாத கேள்வி என்றால் பதில் சொன்னவரே அன்று மாலைக்குள் 6 கட்டத்துக்கும் உரியதை எழுதி, ஷீட்டில் ஏற்றுபவருக்கு அனுப்பட்டும். ஷீட்டைத் திருத்தும் உரிமை 2 பேருக்கு மேல் வேண்டாம், ஒருவர் ஊருக்குப் போனால் இன்னொருவர் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இரண்டாவது ஆள். மலையில் சிக்னல் இல்லாத வளைவுகள் உங்களுக்கே தெரியும். மாதம் ஒரு தடவை பிரின்ட் எடுத்து, காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் கொட்டகையில் நூல் கட்டிய பேனாவோடு தொங்க விடுங்கள். ஓரத்தில் யாராவது கிறுக்கினால் அதுவும் சரிபார்ப்புதான், அடுத்த மாதம் ஷீட்டில் ஏற்றிவிடுங்கள்.

மேலாளர் 'எல்லாத்தையும்' என்று சொன்னதற்காக முழுதும் முடிந்த பிறகு காட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் 30 பதிவு ஆனதும் குழுவில் போட்டுவிடுங்கள். போர்டோவை 1-ஆம் எண்ணாக வையுங்கள். மழைக்கு முன்னால், மே மாதத்தில், யாராவது அதை எப்படியும் கேட்பார்கள்.